கறுப்புப் புள்ளி கடல் கடந்த கதை

சையத் ஹைதர் ரஸாவின் ஓவியங்களில் நடுநாயகமாக வீற்றிருக்கும் கறுப்புப் புள்ளிக்குத் தனியாகவே ஒரு வாழ்க்கை வரலாறு எழுதலாம். மத்தியப் பிரதேசத்துக் காட்டோரப் பள்ளி ஒன்றின் சுவரில் அது பிறந்தது. பம்பாயின் நெரிசலில் காணாமல் போனது. பிரான்ஸில் முப்பது ஆண்டுகள் வெவ்வேறு கோலத்தில் வாழ்ந்தது. 1980-ஐ ஒட்டித் தன் சொந்த உருவில் கான்வாஸில் வந்து அமர்ந்தது. அதன்பின் லண்டனிலும் மும்பையிலும் கோடிக்கணக்கில் ஏலம் போனது.

அந்தப் பயணத்தின் வழியில் நின்ற ஒருவர் எங்கள் ஊர்ப் பக்கமும் வந்து போயிருக்கிறார். திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்காலில் இருந்துகொண்டு ரஸாவைப் பற்றி எழுத எனக்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. வெளிநாடு போன ஓவியர், மேற்கின் பாணிகளில் எல்லாம் அலைந்து களைத்து, கடைசியில் வேருக்குத் திரும்பிப் புள்ளியைக் கண்டெடுத்தார் என்றே இந்தக் கதையை வழக்கமாகச் சொல்கிறார்கள். கேட்க இதமான கதைதான். ஆனால் அதில் பாதிதான் இருக்கிறது. அந்த முப்பது ஆண்டு அயல்வாசம் இல்லாவிட்டால் புள்ளி சுவரிலேயே அழிந்து போயிருக்கும். அதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது ஓர் ஊர். வரையக் கற்றுக்கொடுத்தது வேறு ஊர்கள்.

ககையா

ரஸா 1922 பிப்ரவரி 22 அன்று மண்ட்லா மாவட்டத்தின் பாபரியா கிராமத்தில் பிறந்தார். அப்பா சையத் முகமது ரஸி வனத்துறை அதிகாரி. அம்மா தாஹிரா பேகம். நர்மதை பாயும் அந்தப் பகுதியில் அன்று காடுதான் உலகம், மனிதக் குடியிருப்பு அதற்குள் ஒரு சிறு இடைவெளி. காட்டின் இரவு அந்தச் சிறுவனை நடுங்க வைத்தது. கோண்டு பழங்குடி மக்களின் ஆட்டமும் பாட்டும் மட்டுமே அந்த இருட்டில் மனிதத் துணையாக இருந்தன. விடிந்தால் பயம் விலகும். சந்தை நாளில் வெயிலில் கிராமமே வண்ணங்களாக மாறிவிடும். இருட்டின் அச்சம், பகலின் களிப்பு என்ற இந்த இரண்டையும் அவர் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய வண்ணங்களின் முதல் இருப்பு இங்கே சேர்ந்தது.

ககையா என்ற ஊரின் தொடக்கப் பள்ளியில் அவர் படித்தார். ஓரிடத்தில் நிலைகொள்ளாத பிள்ளை. பாடத்தில் மனம் பதியவில்லை. ஆசிரியர் நந்தலால் ஜாரியா அவரை அடிக்கவில்லை. பள்ளித் தாழ்வாரத்துச் சுவரில் ஒரு புள்ளி வைத்தார். மற்றதையெல்லாம் மறந்துவிட்டு இதையே பார்த்துக்கொண்டிரு என்று உட்கார வைத்தார். அப்போது பையனுக்கு எட்டு வயது இருக்கும். கொஞ்ச நேரத்தில் சுற்றியிருந்த சத்தம் அடங்கியது, மனம் ஓரிடத்தில் நின்றது. இதைப் பிற்காலத்தில் ரஸாவே பல முறை சொல்லியிருக்கிறார். ஆசிரியரின் பெயரையும் அவர் கடைசிவரை விடவில்லை.

இந்தச் சம்பவம் 1930-ஐ ஒட்டி நடந்தது. புள்ளி அவருடைய ஓவியத்தின் மையமானது 1980-ஐ ஒட்டி. இடையில் ஐம்பது ஆண்டுகள் இருக்கின்றன. ஆசிரியர் கொடுத்தது பார்க்கும் பழக்கத்தை மட்டுமே. ஓர் ஓவியனுக்கு அது விதை. ஆனால் பார்த்ததைப் படமாக நிறுத்த வேறொரு வித்தை வேண்டும். அந்த வித்தையைத் தேடித்தான் அவர் ஊர் ஊராகப் போனார்.

பம்பாய்

தமோவில் உயர்நிலைப் பள்ளி, 1939 முதல் 1943 வரை நாக்பூர் கலைப் பள்ளி, அதன்பின் பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளி. பம்பாயில் பிழைப்புக்காக அச்சு பிளாக் தயாரிக்கும் ஒரு ஸ்டூடியோவில் வடிவமைப்பாளராக வேலை பார்த்தார். அந்த நாட்களில் அவர் வரைந்தவை பெரும்பாலும் நீர்வண்ண நிலக்காட்சிகள். மழையில் நனைந்த தெரு, மாடியிலிருந்து தெரியும் கூரைகள், ஓடும் வண்டிகள். கை வேகமானது, கண் கூர்மையானது. பம்பாய் கலைச் சங்கத்தின் வெள்ளிப் பதக்கம் 1946-லும் தங்கப் பதக்கம் 1948-லும் கிடைத்தன.

அங்கே அவருக்கு நவீன ஓவியத்தை அறிமுகப்படுத்தியவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் கலை இயக்குநராக இருந்த வால்டர் லாங்ஹாமர் வியன்னாவிலிருந்து வந்த ஓவியர். அதே இதழில் கலை விமர்சனம் எழுதிய ரூடால்ஃப் வான் லெய்டன் ஜெர்மனியைவிட்டு வந்தவர். இளம் ஓவியர்களின் படங்களை விலை கொடுத்து வாங்கிய இமானுவேல் ஷ்லெசிங்கரும் வியன்னாக்காரர். நாஜி ஐரோப்பாவில் இருக்க முடியாமல் பம்பாயில் அடைக்கலம் தேடியவர்கள் இவர்கள். பின்னாளில் பாரிஸுக்குக் குடிபெயர்ந்த ஓவியருக்கு முதல் நவீனப் பாடம் சொன்னவர்களே குடிபெயர்ந்து வந்தவர்கள்தாம்.

1947-ல் எஃப்.என். சூஸா முன்னின்று முற்போக்குக் கலைஞர்கள் குழுவைத் தொடங்கினார். ரஸா, எம்.எஃப். ஹுசேன், கே.எச். ஆரா, எச்.ஏ. காடே, சிற்பி எஸ்.கே. பாக்ரே ஆகியோர் உடன் நின்றனர். ஒரு பக்கம் பிரிட்டிஷ் கலைப் பள்ளியின் பாடத்திட்டம், இன்னொரு பக்கம் வங்காளப் பாணியின் கனவுச் சாயல். இரண்டையும் விட்டு விலகிப் புதிய நாட்டுக்குப் புதிய ஓவியம் வேண்டும் என்றார்கள்.

அதே ஆண்டுதான் நாடு இரண்டானது. ரஸாவின் அம்மா 1947-லும் அப்பா 1948-லும் இறந்தார்கள். உடன்பிறந்தோர் பாகிஸ்தானுக்குப் போனார்கள். முதல் மனைவியும் போனார். ரஸா மட்டும் இங்கேயே இருந்தார். சிறுவயதில் மண்ட்லாவில் காந்தியைப் பார்த்தவர் அவர். காந்தியின் நாட்டைவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை என்று பின்னாளில் காரணம் சொன்னார். ஆக, கப்பலேறுவதற்கு முன்பே அவர் தனியாளாகிவிட்டார். வீடு தன்னைவிட்டுப் போன பிறகுதான் அவர் நாட்டைவிட்டுப் போனார். அவருடைய அயல்வாசத்தை எடைபோடும்போது இதையும் தட்டில் வைக்க வேண்டும்.

ஸ்ரீநகர், திருவண்ணாமலை

1948-ல் ரஸா காஷ்மீர் சென்றார். போர் கிழித்துப்போட்ட பாரமுல்லாவை வரைந்தார். ஸ்ரீநகரில் ஒரு பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் அவருடைய படங்களைப் பார்த்தார். ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன். அந்த ஆண்டு ஜனவரி 30 அன்று காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன்பு அவரைச் சந்தித்துப் படமெடுத்தவர் அவரே. உமக்குத் திறமை இருக்கிறது, ஆனால் படங்களில் கட்டுமானம் இல்லை என்றார் ரஸாவிடம். கட்டடத்துக்கு அடித்தளமும் தூணும் எப்படியோ அப்படி ஓவியத்துக்கும் உண்டு, செஸானைப் படியும் என்றார். ரஸாவின் வாழ்க்கையைத் திருப்பிய பேச்சு இது.

இரண்டு ஆண்டு கழித்து அதே கார்த்தியே-பிரெஸ்ஸோன் திருவண்ணாமலைக்கு வந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் ஆசிரமத்தில் இருந்து படமெடுத்தார். 1950 ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு மகரிஷி சமாதியடைந்த வேளையில், வானில் ஓர் ஒளி தெற்கிலிருந்து மெல்ல நகர்ந்து மலைக்குப் பின்னே மறைந்ததைத் தாம் பார்த்ததாகவும் சொன்னார். அந்த ஒளியைப் பற்றி எங்கள் ஊரில் இன்றும் பேசுகிறார்கள். அதைக் கண்ட பிரெஞ்சுக்காரர் ஓர் இந்திய ஓவியரின் பாதையைத் திருப்பியவர் என்பது பலருக்குத் தெரியாது. அதே 1950-ல், அக்டோபரில் ரஸா மார்செய் துறைமுகத்துக்குக் கப்பலேறினார்.

கட்டுமானம் என்று அவர் சொன்னது என்ன? இந்த மலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதை எளிதாகச் சொல்லலாம். வேங்கிக்காலில் நின்று பார்க்கும் அண்ணாமலையும் அடி அண்ணாமலையில் நின்று பார்க்கும் அண்ணாமலையும் ஒரே உருவம் அல்ல. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதில் ஒவ்வொரு திருப்பத்திலும் மலை வேறாகிறது. ஓரிடத்தில் ஒற்றைச் சிகரம், இன்னோரிடத்தில் ஐந்து முகம். காலையில் ஒரு நிறம், மாலையில் இன்னொன்று. இத்தனை மாற்றத்திலும் அது அதே மலைதான் என்று நமக்கு எப்படித் தெரிகிறது? கண்ணில் படும் தோற்றங்களுக்கு அடியில் மாறாத ஒரு கட்டு இருக்கிறது. பிரான்ஸின் தெற்கே எக்ஸ் நகரில் வாழ்ந்த பால் செஸான், தன் ஊர் மலையான சேந்த்-விக்தோரை முப்பதுக்கும் மேற்பட்ட முறை தைலவண்ணத்தில் வரைந்தது இந்தக் கட்டைப் பிடிக்கத்தான். ஒளி எப்படி விழுகிறது என்பதோடு நின்றுவிடாமல், சரிவும் பாறையும் வானமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை வண்ணத் தகடுகளால் கட்டினார். 1906-ல் அவர் இறந்தார். இருபதாம் நூற்றாண்டு ஓவியம் அந்த மலையிலிருந்து இறங்கி வந்தது என்றே சொல்லலாம். மழைத் தெருவை ஓட்டமாக வரைந்து பெயர் வாங்கிய பம்பாய் இளைஞருக்கு இல்லாதிருந்தது இதுதான்.

பாரிஸ்

பம்பாயிலேயே பிரெஞ்சு கற்றுக்கொண்டு, பிரெஞ்சு அரசின் உதவித்தொகையோடு ரஸா போய்ச் சேர்ந்தார். 1953 வரை எக்கோல் தே போஸார் கலைப் பள்ளியில் படித்தார். லூவ்ர் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களின் முன் நாள் கணக்கில் நின்றார்.

மாற்றம் உடனே தெரிந்தது. 1951-ல் வரைந்த ‘ஓ தெ காஞ்’ போன்ற படங்களில் பம்பாயின் ஈரமும் ஓட்டமும் இல்லை. வீடுகள் கூர்மையான கட்டங்களாக நெருக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. தெருவில் ஆளில்லை. ஒவ்வொரு சுவரும் அளந்து வைத்த கல்லாக நிற்கிறது. கட்டுமானம் இல்லை என்ற சொல்லுக்கு, கட்டுமானத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத படங்களை வரைந்து பதில் சொன்னார். அந்த ஆண்டுகளின் சில படங்களில் வீடுகளுக்கு மேலே ஒரு கறுப்புச் சூரியன் தொங்குகிறது. புள்ளியின் முதல் மறுபிறப்பு அதுதான் என்று இன்று நாம் சொல்லலாம். அன்று அது யாருக்கும் புள்ளியாகத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

ஐம்பதுகளின் நடுவில் தைலவண்ணத்துக்கு மாறினார். சாயம் தடித்தது. பிரெஞ்சுக் கிராமங்கள், தேவாலயங்கள், மரங்கள் எல்லாம் வண்ணத் திட்டுகளாகக் கரையத் தொடங்கின. 1956-ல் பாரிஸ் விமர்சகர்கள் வழங்கும் ‘ப்ரீ தெ லா கிரிதிக்’ விருது அவருக்குக் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் அல்லாத ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. உடன் படித்த ஓவியர் ஜானின் மொஞ்ஜிலாவை 1959-ல் மணந்தார். பாரிஸில் ஸ்டூடியோவும், தெற்கே மாந்தோன் நகருக்கு மேலே மலைமுகட்டுக் கிராமமான கோர்பியோவில் ஒரு வீடும் அமைந்தன.

இதோடு நின்றிருந்தால் அவர் பாரிஸ் குழாமின் தேர்ந்த நிலக்காட்சி ஓவியர்களில் ஒருவராகக் கலை வரலாற்றின் அடிக்குறிப்பில் இடம்பெற்றிருப்பார். விருது வந்தது, காட்சிக்கூடம் இருந்தது, வாங்குபவர்கள் இருந்தார்கள். பல குடியேறிகளின் கதை இப்படி ஒரு வசதியான இடத்தில் முடிந்துவிடுகிறது. ரஸாவை இரண்டாவது முறை பெயர்த்தெடுத்தது அமெரிக்கா.

பெர்க்லி

1962-ல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கு வருகைதரு ஆசிரியராகச் சென்றார். அங்கே மார்க் ராத்கோவின் ஓவியங்களையும், ஹான்ஸ் ஹாஃப்மன், சாம் ஃபிரான்சிஸ் ஆகியோரின் வேலைகளையும் நேரில் பார்த்தார். ராத்கோவும் ஒரு குடியேறிதான். இன்றைய லாட்வியாவில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டவர். அவருடைய பெரிய கான்வாஸ்களில் வீடும் இல்லை, மரமும் இல்லை. வண்ணம் ஒன்றின் மேல் ஒன்றாக மெல்லிய படலமாகப் பரவி, பார்ப்பவரை உள்ளே இழுக்கிறது.

வண்ணம் எதையும் வர்ணிக்கத் தேவையில்லை, வண்ணமே அனுபவம் என்பதை ரஸா அங்கே கண்டார். அமெரிக்காவிலிருந்து வந்த பின் தைலவண்ணத்தை விட்டு அக்ரிலிக்குக்கு நகர்ந்தார். இது வெறும் சாய மாற்றம் அல்ல. தைலவண்ணம் உலர நாட்கணக்காகும். அக்ரிலிக் மளமளவென்று உலர்ந்துவிடும். கை எண்ணத்தின் வேகத்துக்கு ஓடலாம், படலத்தின் மேல் படலம் போடலாம். அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளிலும் அவர் கான்வாஸ்களில் பிரெஞ்சுக் கிராமங்கள் மறைந்தன. இருளும் தணலுமாக வேறொரு நிலம் எழுந்தது. படங்களுக்குப் பூமி என்ற பொருளில் பிரெஞ்சிலும், ‘ஜமீன்’ என்று உருதுவிலும் பெயர் வைத்தார். ‘ராஜஸ்தான்’, ‘தபோவன்’ என்ற பெயர்கள் வந்தன. சிவப்பும் காவியும் மஞ்சளும் கறுப்பைக் கிழித்துக்கொண்டு வந்தன. காட்டு இரவின் பயமும் சந்தைப் பகலின் களிப்பும் நாற்பது ஆண்டுக்குப் பின் கான்வாஸில் இறங்கின. உள்ளே செஸானின் கட்டுமானமும் ராத்கோவின் ஆழமும் இருந்ததால் அவை வெறும் நினைவாகச் சிதறாமல் ஓவியமாக நின்றன.

புள்ளி வருகிறது

எழுபதுகளில் அவருக்கு ஒரு மன உளைச்சல் இருந்தது. நன்றாக வரையத் தெரிந்துவிட்டது, ஆனால் இதில் நான் எங்கே என்ற கேள்வி. இந்தியாவுக்கு அடிக்கடி வந்தார். அஜந்தா, எல்லோரா, காசி, ராஜஸ்தான், குஜராத் என்று சுற்றினார். ராஜபுத்திரச் சிற்றோவியங்களைக் கூர்ந்து பார்த்தார். அவற்றில் படம் பல கட்டங்களாகப் பிரிவதையும், ஒவ்வொரு கட்டமும் தன் வண்ணத்தில் எரிவதையும் கண்டார். 1978-ல் சொந்த மாநிலமான மத்தியப் பிரதேசம் அவரை அழைத்து போபாலில் கௌரவித்தது. இந்திக் கவிஞர் அசோக் வாஜ்பேயியுடன் நெருக்கம் அங்கே தொடங்கியது. 1981-ல் வரைந்த ‘மா’ என்ற பெரிய ஓவியத்தில், தாயை நோக்கிப் பேசும் வாஜ்பேயியின் ஒரு கவிதை வரியை தேவநாகரியில் எழுதினார். அதே ஓவியத்தில் பெரிய கறுப்புப் புள்ளியும் இருக்கிறது.

அதன்பின் புள்ளி விலகவில்லை. ரஸா அதைப் பிந்து என்று அழைத்தார். அதை எப்படி வரைகிறார் என்று பார்த்தால்தான் இந்தப் பயணத்தின் கணக்குப் புரியும். பெரும்பாலும் சதுரக் கான்வாஸ். நடுவிலோ மேலேயோ ஒரு கறுப்பு வட்டம். அந்தக் கறுப்பு தட்டையான கறுப்பு அல்ல, உற்றுப் பார்த்தால் உள்ளே அடுக்குகள் தெரியும். சுற்றிலும் சாம்பல், வெள்ளை, நீலம் என வளையங்கள் விரியும். கீழே முக்கோணங்கள், மேல்நோக்கியது ஆணும் கீழ்நோக்கியது பெண்ணுமாக. கிடைக்கோடும் நெடுக்கோடும் வெளியைப் பகுக்கும். கறுப்புதான் எல்லா வண்ணங்களுக்கும் தாய் என்பது அவர் நம்பிக்கை. அதிலிருந்து சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை பிறக்கின்றன. ஐந்தும் சேர்ந்து ஐம்பூதம். ‘சூரியன்’, ‘முளைத்தல்’, ‘குண்டலினி’, ‘நாதம்’ என்று வந்த தொடர்கள் எல்லாம் இந்த ஒரு புள்ளியின் பிள்ளைகள்.

தத்துவம் இந்தியாவினுடையது. ஆனால் அந்தச் சதுரம் ஏன் கலைந்து விழாமல் நிற்கிறது? வட்டத்தின் எடையைக் கீழ்முக்கோணம் தாங்குகிறது, இடப்பக்கச் சிவப்பை வலப்பக்க நீலம் ஈடுகட்டுகிறது. ‘ஓ தெ காஞ்’ வீடுகளை அடுக்கிய கைதான் இங்கேயும் வேலை செய்கிறது. குறியீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டுமானம் கற்காமல் அக்காலத்தில் வரையப்பட்ட எத்தனையோ தாந்திரீக ஓவியங்கள் இன்று நினைவில் இல்லை.

தமிழகத்திலும் இதே கேள்வி எழுந்த காலம் அது. சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர் 1960-களில் ‘சொற்களும் குறியீடுகளும்’ தொடரைத் தொடங்கி, ஜாதகக் கட்டங்களையும் எழுத்துகளையும் கான்வாஸுக்குக் கொண்டுவந்தார். 1966-ல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானது. அங்கிருந்து புறப்பட்ட ஓவியர் விஸ்வநாதன் 1968-ல் பாரிஸில் குடியேறினார். ஐம்பூதங்களைப் பற்றித் திரைப்படங்களும் எடுத்தார். திருவண்ணாமலையில் 1932-ல் பிறந்த ஏ.பி. சந்தானராஜ் பிற்காலத்தில் அதே சென்னைக் கல்லூரிக்கு முதல்வரானார். அவருடைய கோடு பல தலைமுறை மாணவர்களை ஆட்டிவைத்தது. சென்னையில் இருந்தவர்கள் கோட்டின் வழியாகத் தேடியதை, பாரிஸில் இருந்த ரஸா வண்ணத்தின் வழியாகத் தேடினார். யாரும் யாரையும் நகலெடுக்கவில்லை. ஒரே தாகம் பல ஊற்றுகளைத் தோண்டியது.

சந்தை

புள்ளியின் வாழ்க்கையில் கசப்பான அத்தியாயமும் உண்டு. 1983-ல் வரைந்த ‘சௌராஷ்டிரா’ என்ற இரண்டு மீட்டர் சதுர ஓவியம் 2010 ஜூனில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 16 கோடி ரூபாய்க்கு மேல் போனது. நவீன இந்திய ஓவியத்துக்கு அன்று அது உச்ச விலை. 1989-ல் வரைந்த ‘ஜெஸ்டேஷன்’, அவர் இறந்து ஏழு ஆண்டுக்குப் பின் 2023-ல் மும்பையில் 51.75 கோடிக்கு விற்றது.

விலை ஏறியதும் போலிகள் முளைத்தன. 2009 ஜனவரியில் தில்லியில் நடந்த ஒரு கண்காட்சிக்கு அவரையே அழைத்திருந்தார்கள். உள்ளே வந்த 86 வயது ஓவியர், தன் பெயரில் தொங்கிய படங்கள் தான் வரைந்தவை அல்ல என்று கண்டார். தன் கையெழுத்தைப் பொய் என்று தானே சொல்ல வேண்டி வந்தது. கண்காட்சி மூடப்பட்டது. ஒரு வட்டமும் நாலு முக்கோணமும் என்று மேலோட்டமாகப் பார்ப்பவருக்குப் போலி செய்வது சுலபம் எனத் தோன்றும். மேலே சொன்ன எடையும் ஈடும் கைவராதவர் வரைந்தால் அந்த வட்டம் வெறும் வட்டமாகவே கிடக்கும்.

அவர்மேல் நியாயமான ஒரு குறையும் சொல்லப்பட்டது. ஒரே புள்ளியையே முப்பது ஆண்டு வரைந்துகொண்டிருக்கிறாரே என்றார்கள். ஜபமாலையில் ஒரே நாமத்தைச் சொல்வதுபோலத்தான் இதுவும் என்று ரஸா பதில் சொன்னார். நான் அவர் பக்கம் முழுதாகச் சாய மாட்டேன். 2000-க்குப் பின் வந்த படங்களில் சில, பழைய ஓவியங்களின் சுருக்கமாகவே நிற்கின்றன. ஜபத்தில் நாமம் மாறாது, மனம் ஆழமாகும். அந்த ஆழம் எல்லாப் படத்திலும் கூடி வரவில்லை. ஆனால் 1970 முதல் 1995 வரையான கால் நூற்றாண்டில் அவர் வரைந்தவற்றின் முன் இந்தக் குறை எடுபடாது. ஒரே ராகத்தை இரவு முழுக்கப் பாடிய நாதஸ்வரக்காரர்களைக் கேட்ட சமூகம் நாம். திரும்பச் சொல்வதும் வளர்த்துச் சொல்வதும் வேறு என்று நமக்குத் தெரியும். ரஸாவின் நல்ல படங்கள் இரண்டாவது வகை.

மண்ட்லா

ஜானின் 2002-ல் புற்றுநோயில் இறந்தார். 2010-ன் முடிவில், அறுபது ஆண்டுக்குப் பின், ரஸா தில்லிக்குத் திரும்பினார். இத்தனை காலத்திலும் அவர் இந்தியக் குடியுரிமையை விடவில்லை. 2001-ல் தொடங்கிய ரஸா அறக்கட்டளை, அவருடைய வருமானத்தை இளம் ஓவியர்களுக்கும் கவிஞர்களுக்கும் இசைக் கலைஞர்களுக்கும் கொண்டுசேர்க்கிறது. தொண்ணூறு வயதைக் கடந்தும் அன்றாடம் ஸ்டூடியோவில் உட்கார்ந்தார். காந்தியை மையமாக வைத்து ஒரு தொடர் வரைந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘பரிக்கிரமா’, அதாவது வலம் வருதல். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் மலையைச் சுற்றி நடக்கும் ஊரில் இருப்பவனுக்கு அந்தப் பெயரை யாரும் விளக்க வேண்டியதில்லை. மையத்தை எட்டிப் பிடிக்காமல், அதைச் சுற்றி நடந்தே அதனோடு உறவு கொள்வது. ரஸாவின் வாழ்க்கை முழுவதுமே அப்படித்தான் இருந்தது. பாரிஸ், பெர்க்லி, கோர்பியோ எல்லாம் அந்தச் சுற்றுப்பாதையின் திருப்பங்கள்.

பத்ம விபூஷண் 2013-ல் வந்தது. 2015-ல் பிரான்ஸ் தன் உயரிய லெஜியோன் தொனேர் விருதை வழங்கியது. 2016 ஜூலை 23 அன்று 94 வயதில் தில்லியில் இறந்தார். விருப்பப்படி அவரை மண்ட்லாவுக்குக் கொண்டுசென்று அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். 2023-ல் பாரிஸின் பொம்பிதூ மையம் அவருடைய சுமார் நூறு ஓவியங்களைக் கூட்டி மூன்று மாதம் காட்சிக்கு வைத்தது. எந்த ஊருக்கு மாணவனாகப் போனாரோ அந்த ஊர் அவரைத் தன் வரலாற்றில் சேர்த்துக்கொண்டது.

இப்போது இந்தப் புள்ளி யாருடையது என்று கேட்கலாம். தொட்ட கைகளை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். பாடத்தில் மனம் நிற்காத ஒரு முஸ்லிம் பிள்ளைக்காகச் சுவரில் புள்ளி வைத்த கிராமத்து ஆசிரியர். இருட்டில் ஆடிய கோண்டுகள். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த ஜெர்மானியரும் ஆஸ்திரியர்களும். ஸ்ரீநகரில் ஒரு குறை சொல்லிவிட்டுத் திருவண்ணாமலைக்கு வந்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர். தன் ஊர் மலையை ஓயாமல் வரைந்த செஸான். லாட்வியாவில் பிறந்த அமெரிக்கர். அரை நூற்றாண்டு பக்கத்தில் நின்ற ஜானின். தாயைப் பற்றி எழுதிய இந்திக் கவிஞர். இத்தனை பேரின் உழைப்பும் அன்பும் கூடித்தான் அந்தக் கறுப்பு வட்டம் கான்வாஸில் நின்றது.

மரபு என்றால் கலப்பில்லாமல் காப்பது என்று பேசுகிறவர்கள் இன்று கூடிக்கொண்டே போகிறார்கள். ஊரைவிட்டுப் போனவர் மரபை இழந்தவர் என்ற எண்ணமும் கூடவே வளர்கிறது. நம் தெருக்களிலும் வீட்டுக்கு ஒருவர் அயல்நாட்டில் இருக்கும் காலம் இது. ரஸாவின் புள்ளி இரண்டு எண்ணங்களையும் மறுக்கிறது. போன இடத்தில் முழு மனதோடு கற்றவருக்குத்தான் பிறந்த இடத்திலிருந்து கொண்டுபோனது என்னவென்று விளங்கும். அரைகுறையாக வாழ்ந்துவிட்டு ஊரை நினைத்து ஏங்குவதால் கலை பிறக்காது. ரஸா பிரெஞ்சு ஓவியராவதற்கு உண்மையாக உழைத்தார். அந்த உழைப்பின் பலனாகவே இந்தியாவின் ஆகப்பெரிய நவீன ஓவியர்களில் ஒருவரானார். வெளியூர் போகிற நம் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும்: போன ஊரின் வித்தையைக் குறை வைக்காமல் கற்றுக்கொள்ளுங்கள், கொண்டுபோனது தன் காலம் வரும்போது தானே வெளிவரும்.